புதிய பதிப்புக்கு வரப்போகும் துணைநூல்கள்: எதை இப்போதே வாங்கலாம், எதற்குக் காத்திருக்கலாம்?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்பது ஆளுக்கொரு கதாபாத்திரமாகி, பகடை உருட்டிக் கதை நடத்தும் விளையாட்டு. தென்னாப்பிரிக்காவின் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் அதற்காகக் கூடும் எங்கள் குழுவுக்கு ஒரு பொதுப்பணம் உண்டு. மாதாமாதம் ஆளுக்குக் கொஞ்சம் போடுவோம். புத்தகம், பகடை, வரைபடம் எல்லாம் அதிலிருந்துதான். 2024-இல் வரத் தொடங்கிய புதிய விதிகளுக்கு மாறுவது என்று முடிவானதும் பிளேயர்ஸ் ஹேண்ட்புக், டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு, மான்ஸ்டர் மேனுவல் என்ற மூன்று அடிப்படை நூல்களையும் வாங்கிவிட்டோம். கடைசி நூல் 2025 பிப்ரவரியில் வந்தது. இப்போது பெட்டியில் மிச்சமிருக்கும் பணத்தை வெளியார் பதிப்பாளர்களின் துணைநூல்களில் எப்படிப் பிரிப்பது என்பதுதான் கேள்வி. விளையாட்டின் சொந்தக்காரரான விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் அல்லாத மற்றவர்கள் போடும் நூல்களைத்தான் வெளியார் நூல் என்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், புதிய விதிகளுக்கென்றே எழுதப்படும் வெளியார் நூல்களில் பெரும்பகுதி இனிமேல்தான் வரவேண்டும். எது முதலில் வரும், எது தாமதமாகும், வந்தது எத்தனை ஆண்டு தாங்கும் என்று கணித்துத்தான் பணம் போட வேண்டும். என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: சாகச நூல்களையும், கதை நடக்கும் இடத்தை விவரிக்கும் உலக நூல்களையும் இப்போதே வாங்கலாம், பழைய விதிக்கு எழுதியவையாக இருந்தாலும் சரி. எதிரி மிருகங்களைத் தொகுக்கும் மான்ஸ்டர் நூல்களுக்கும், வீரரின் வகுப்புக்குள் வரும் உட்பிரிவுகளான சப்கிளாஸ் நூல்களுக்கும் ஒரு சுற்று பொறுக்க வேண்டும்.

முன்னேர் போன வழி

இந்த விளையாட்டுக்கு இதற்கு முன் கடைசியாக மூன்று முறை பதிப்பு மாறியபோதும் வெளியார் என்ன செய்தார்கள் என்பது நன்றாகத் தெரிந்த கதை. கணிப்புக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது.

2000 ஆகஸ்டில் மூன்றாம் பதிப்பு வந்தது. கூடவே ஓஜிஎல் என்ற திறந்த உரிமமும் வந்தது. விதிகளை யார் வேண்டுமானாலும் எடுத்து நூல் போடலாம் என்ற நிலை. ஹேண்ட்புக் விற்பனைக்கு வந்த அதே ஜென் கான் திருவிழாவில் கிரீன் ரோனின் ‘டெத் இன் ஃப்ரீபோர்ட்’டையும் அட்லஸ் கேம்ஸ் ‘த்ரீ டேஸ் டு கில்’லையும் கடை பரப்பின. இரண்டுமே மெல்லிய சாகச நூல்கள். அப்புறம் ‘கிரியேச்சர் கலெக்ஷன்’ என்ற மான்ஸ்டர் நூல், விசார்ட்ஸின் சொந்த மான்ஸ்டர் மேனுவலுக்கே முன்னால் வந்து நின்றது. பரபரப்பாக விற்றது. ஆனால் அவசரத்தில் செய்த வேலை என்பது எண்களில் தெரிந்தது. அதன் பிறகு கடைகள் கொள்ளாத அளவுக்கு நூல்கள் கொட்டின. 2003-இல் 3.5 திருத்தம் வந்ததும் அவற்றில் பெரும்பகுதி தள்ளுபடிக் கூடைக்குப் போனது.

2008-இல் நான்காம் பதிப்பு. இந்த முறை ஜிஎஸ்எல் என்ற இறுக்கமான உரிமம். ஒரு நூல்வரிசையை இதற்கு மாற்றினால் அதே வரிசையைப் பழைய உரிமத்தில் தொடரக்கூடாது என்று முதல் வடிவத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. பல பதிப்பாளர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். 2009-இல் உரிமத்தைத் தளர்த்தினார்கள், ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. அதே ஆண்டு பைசோ, பழைய திறந்த விதிகளின் மேல் ‘பாத்ஃபைண்டர்’ விளையாட்டைக் கட்டி எழுப்பியது. வெளியார் எழுத்தில் பெரும்பங்கு அந்தப் பக்கம் நகர்ந்தது.

2014-இல் ஐந்தாம் பதிப்பு வந்தபோது திறந்த உரிமம் உடனே வரவில்லை. எஸ்ஆர்டி என்ற பொது விதித்தொகுப்பு 2016 ஜனவரியில்தான் கிடைத்தது. இடைப்பட்ட காலத்திலேயே ‘ஃபிஃப்த் எடிஷன் ஃபோஸ்’ போன்ற மான்ஸ்டர் நூல்களும், குட்மன் கேம்ஸின் சாகசங்களும் துணிந்து வந்தன. ஆனால் மேசையில் நிலைத்த நூல்கள் எஸ்ஆர்டிக்குப் பிறகு வந்தவை. கோபோல்ட் பிரஸ்ஸின் ‘டோம் ஆஃப் பீஸ்ட்ஸ்’ 2016-இல் வந்தது. எம்சிடிஎம்மின் ‘ஸ்ட்ராங்ஹோல்ட்ஸ் அண்ட் ஃபாலோவர்ஸ்’ 2018-இல் கிக்ஸ்டார்ட்டர் என்ற கூட்டு நிதித் தளத்தில் இருபது லட்சம் டாலருக்கு மேல் திரட்டியது. முதல் ஓராண்டில் வந்தவற்றை இன்று யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு வந்தவற்றை இன்னும் விளையாடுகிறார்கள்.

இந்த முறை 2023 ஜனவரியில் நடந்தது எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. ஓஜிஎல்லை மாற்றி, பெரிய வருமானம் உள்ள பதிப்பாளர்களிடம் 25 விழுக்காடு வரை பங்கு கேட்கும் வரைவு கசிந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மாதம் முடிவதற்குள் விசார்ட்ஸ் பின்வாங்கி, பழைய எஸ்ஆர்டி 5.1-ஐ கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டது. இதைத் திரும்பப் பெற முடியாது. 2025 ஏப்ரலில் புதிய விதிகளுக்கான எஸ்ஆர்டி 5.2-உம் அதே உரிமத்தில் வந்தது. ஆகவே 2008 போல உரிமத்தைக் காட்டி யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. ஆனால் அந்த ஜனவரியில் பயந்துபோன பதிப்பாளர்கள் தங்களுக்கென்று சொந்த வீடு கட்டிக்கொண்டார்கள். கோபோல்ட் பிரஸ்ஸுக்கு ‘டேல்ஸ் ஆஃப் த வேலியன்ட்’, எம்சிடிஎம்முக்கு ‘டிரா ஸ்டீல்’ என்று ஆளுக்கொரு விளையாட்டு. பைசோ தன் பாத்ஃபைண்டரையே ஓஜிஎல்லிலிருந்து வெளியே எடுத்துத் திருத்தி வெளியிட்டது.

இதிலிருந்து நான் எடுக்கும் கணிப்பு இது: பெரிய வெளியார் பதிப்பாளர்கள் புதிய விதிக்கு மட்டும் என்று எழுத மாட்டார்கள். அட்டையில் ‘5இ’ (ஐந்தாம் பதிப்பு) என்று மட்டும் போட்டு, 2014 விதி, 2024 விதி, தங்கள் சொந்த விதி மூன்றிலும் ஓடக்கூடிய நூல்களைத்தான் தருவார்கள். வணிகத்துக்கு அதுதான் சரி. வாங்குபவருக்கு எது சரி என்பது நூலின் வகையைப் பொறுத்தது.

மான்ஸ்டர் நூல்

இங்கேதான் எல்லா விதிக்கும் பொதுவான அந்த நடுவழி நூல்கள் அதிகம் அடிவாங்கும். ஓநாயை மட்டும் எடுத்துப் பாருங்கள். 2014 விதியில் ஓநாய் கடித்தால், கடிபட்டவர் வலிமைக்கு ஒரு சேவிங் த்ரோ (விளைவைத் தவிர்க்கும் பகடை) உருட்ட வேண்டும்; 11-க்குக் கீழே போனால்தான் கீழே விழுவார். புதிய மான்ஸ்டர் மேனுவலில் அந்த உருட்டலே இல்லை. கடி பட்டால், ஆள் மனித அளவோ அதற்குச் சிறியவரோ என்றால், நேராகக் கீழே விழுந்துவிடுவார். இது ஓநாய்க்கு மட்டுமான மாற்றம் அல்ல. நூல் முழுக்கப் பல இடங்களில் ‘அடி பட்டால் விளைவு உடனே’ என்ற போக்கு இருக்கிறது. சண்டையில் யார் முதலில் என்பதைத் தீர்மானிக்கும் இனிஷியேட்டிவ் எண்ணும் இப்போது ஸ்டாட் பிளாக் என்ற மிருகத்தின் எண் கட்டத்திலேயே அச்சாகி வருகிறது.

வீரர்கள் பக்கமும் கை ஓங்கியிருக்கிறது. கியூர் வூண்ட்ஸ் மந்திரம் ஒரு எட்டுமுகப் பகடை (1டி8) அளவு குணமாக்கியது, இப்போது இரண்டு (2டி8). சண்டைக்காரர்களுக்கு வெப்பன் மாஸ்டரி என்ற புதிய திறமை கிடைத்திருக்கிறது. ஆக, பழைய கணக்கில் எழுதிய மிருகத்தைப் புதிய வீரர்கள் முன்னால் நிறுத்தினால் சண்டை சப்பென்று முடிந்துவிடுகிறது. எங்கள் அலமாரியில் ‘டோம் ஆஃப் பீஸ்ட்ஸ்’ இருக்கிறது. நானூறுக்கு மேற்பட்ட உருவங்கள், அருமையான கற்பனை. அதை இன்னும் எடுக்கிறோம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஆட்டத்தை நடத்தும் டிஎம் (டன்ஜன் மாஸ்டர்) உட்கார்ந்து எண்களைத் திருத்த வேண்டியிருக்கிறது. காசு கொடுத்து வாங்கும் மான்ஸ்டர் நூலின் பயனே அந்த வேலையை மிச்சப்படுத்துவதுதானே?

மான்ஸ்டர் நூல்கள் சீக்கிரம் வரும், நிறைய வரும். 2000-இலும் 2014-இலும் அப்படித்தான் நடந்தது. விற்பனைக்கு எளிது, ஓவியம் காட்டிக் கூட்டு நிதி திரட்டுவதும் எளிது. அதனாலேயே முதல் அலையை விட்டுவிடச் சொல்கிறேன். இரண்டாம் அலையில், எழுதியவர்கள் புதிய விதியை ஓராண்டாவது விளையாடிப் பார்த்த பிறகு வருபவற்றைப் பார்த்து வாங்கலாம். வாங்கும்முன் மாதிரிப் பக்கங்களில் இரண்டைச் சோதியுங்கள்: ஸ்டாட் பிளாக்கில் இனிஷியேட்டிவ் இருக்கிறதா, சாதாரண மிருகங்களின் தாக்குதலோடு சேவிங் த்ரோ ஒட்டியிருக்கிறதா. முதலாவது இல்லாமல் இரண்டாவது எங்கும் இருந்தால், அது பழைய நூலுக்குப் புதிய அட்டை.

சப்கிளாஸும் வீரர் விருப்பங்களும்

எங்கள் மேசையில் கிளெரிக் (பூசாரி) வகுப்பில் விளையாடும் அக்கா ஒருவர் இருக்கிறார். “தம்பி, நான் ஆசைப்பட்டு வாங்கின சப்கிளாஸ் முதல் லெவலிலேயே ஆரம்பிக்குது, புதுப் புத்தகத்துல மூணாம் லெவல்னு போட்டிருக்கே, என்ன பண்றது?” என்று கேட்டார். சரியான கேள்வி. பழைய விதியில் கிளெரிக், சார்சரர், வார்லாக் மூவருக்கும் முதல் லெவலில் சப்கிளாஸ், டிரூயிடுக்கும் விசார்டுக்கும் இரண்டில், மற்றவர்களுக்கு மூன்றில். இப்போது பன்னிரண்டு வகுப்புக்கும் மூன்றாம் லெவலில்தான். பழையதைப் பயன்படுத்தலாம், தொடக்கத் திறமைகளை மூன்றாம் லெவலுக்குத் தள்ளிக்கொள்ளுங்கள் என்று ஹேண்ட்புக்கே வழி சொல்கிறது. அப்படித் தள்ளினால் ஒரே லெவலில் எல்லாம் வந்து குவியும் என்பதுதான் தொல்லை.

கதாபாத்திரத்தின் இனம், பின்னணி இரண்டும் இதைவிடச் சுலபம். புதிய விதியில் திறன் எண்களை உயர்த்துவது பின்னணிதான், இனம் அல்ல. பழைய நூலின் இனத்தை எடுத்தால் அதிலுள்ள உயர்வை விட்டுவிட வேண்டும். பழைய பின்னணியை எடுத்தால் உயர்வையும் ஒரு ஆரிஜின் ஃபீட்டையும் (தொடக்கத்திலேயே கிடைக்கும் தனித்திறமை) சேர்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிட வேலை. இதற்காகப் புது நூல் வாங்குவது தேவையற்ற செலவு.

சப்கிளாஸ் நூல்கள் மழைக்கால ஈசல் போல வரும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எஸ்ஆர்டியில் வகுப்புக்கு ஒரு சப்கிளாஸ்தான் திறந்திருக்கிறது, ஹேண்ட்புக்கில் நான்கு. மீதி இடத்தை நிரப்ப ஆசைப்படுபவர்கள் ஏராளம். ஆனால் ஒரு மேசையில் ஒரு நேரத்தில் ஐந்தாறு பேர்தான் விளையாடுகிறோம். முப்பது சப்கிளாஸ் உள்ள நூலில் ஓராண்டில் ஒன்றோ இரண்டோதான் மேசைக்கு வரும். அக்காவுக்கு ஒன்று வேண்டுமென்றால் டிஎம்ஸ் கில்ட் என்ற இணையக் கடையில் தனி பிடிஎஃப்பாக ஒன்று வாங்கிக்கொள்ளட்டும். பொதுப்பணத்தில் முழு நூல் வேண்டாம்.

கோட்டை கட்டும் பாஸ்டியன் விதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. புதிய டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் எங்கள் குழுவுக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். ஆனால் எஸ்ஆர்டி 5.2-இல் அது இல்லை. எனவே பெரிய பதிப்பாளர்கள் அதை நேரடியாக நீட்டி எழுத மாட்டார்கள் என்று கணிக்கிறேன். ஒன்று, சொந்தமாகக் கோட்டை விதி செய்வார்கள். இல்லையென்றால் டிஎம்ஸ் கில்டில் தனி எழுத்தாளர்கள் எழுதுவார்கள். அங்கே விசார்ட்ஸின் சொந்த உலகங்களையும் பெயர்களையும் பயன்படுத்த அனுமதி உண்டு, விற்பனையில் பாதி எழுதியவருக்கு. பதிலுக்கு அந்தப் படைப்பை வேறெங்கும் விற்க முடியாது. பாஸ்டியன் பிரியர்கள் கண் வைக்க வேண்டிய இடம் அது.

சாகசமும் உலகமும்

சாகச நூலில் நாம் காசு கொடுப்பது கதைக்கும் வரைபடத்துக்கும். எண்கள் அதில் சிறு பங்குதான், அவற்றையும் பெரும்பாலும் மான்ஸ்டர் மேனுவலிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். ‘மூன்று ஓநாய்கள்’ என்று எழுதியிருந்தால் புதிய ஓநாயை வைத்து ஓட்டலாம், அவ்வளவுதான். சண்டையின் கடினத்தைக் கணக்கிடும் முறை மாறியிருக்கிறது: பழைய விதியில் எதிரிகள் கூடக்கூடப் பெருக்கல் எண் ஒன்று இருந்தது, இப்போது இல்லை. அதனால் கும்பல் சண்டைகளை மட்டும் டிஎம் ஒருமுறை கூட்டிப் பார்க்க வேண்டும்.

எங்களுக்கு நீளமான தொடரைவிடச் சிறு சாகசங்கள் பொருந்துவதற்கு ஊர்க் காரணமும் உண்டு. தைப்பூசக் காவடி விரதத்தில் பாதிப் பேர் வரமாட்டார்கள். ஈஸ்டர் வாரத்தில் இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் கூட்டம். ஆடியில் ஞாயிறுதோறும் யாராவது ஒரு வீட்டிலோ கோயிலிலோ கஞ்சி ஊற்றுவார்கள். முன்னூறு பக்கத் தொடர்கதை நடுவே இத்தனை இடைவெளி விழுந்தால் யார் எந்தக் குகையில் நின்றார்கள் என்பதே மறந்துபோகும். இரண்டு மூன்று அமர்வில் முடியும் சாகசங்கள்தான் எங்கள் நாட்காட்டிக்கு வசதி. புதிய பதிப்பின் தொடக்கத்தில் வெளியார் அதிகம் போடுவதும் அதே மெல்லிய வகைதான்.

உலக நூல்கள் இன்னும் உறுதி. ஃப்ரீபோர்ட் என்ற கடற்கொள்ளையர் நகரத்தையே பாருங்கள். 2000-இல் மூன்றாம் பதிப்புச் சாகசமாகப் பிறந்தது. 2007-இல் அதன் பதிப்பாளர் நகரத்தை விதியே இல்லாத ஒரு நூலாக எழுதி, ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனித் துணை ஏடு போட்டார். பதிப்பு மாறினாலும் நகரம் அப்படியே நின்றது. கோபோல்ட் பிரஸ்ஸின் மிட்கார்ட் உலக நூலும் 2018-இல் ஐந்தாம் பதிப்பு, பாத்ஃபைண்டர் இரண்டுக்கும் சேர்த்தே வந்தது. இப்படிப்பட்ட நூலுக்கு இன்று கொடுக்கும் பணம் அடுத்த பதிப்பிலும் வேலை செய்யும்.

புதிய உலக நூல்களில் நம் பக்கத்துத் தொன்மங்களை எடுப்பவையும் வரும் என்று எதிர்பார்க்கிறேன். பிலிப்பைன்ஸ் தொன்மங்களை வைத்து ‘தி ஐலண்ட்ஸ் ஆஃப் சினா உனா’ வந்து நன்றாகவே அமைந்தது. தமிழுக்கும் அப்படி ஒன்று வரவேண்டும் என்பது என் ஆசை. ஆனால் ஒன்றைப் பார்த்துத்தான் வாங்குவேன். 1980-இல் வந்த ‘டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்’ நூலில் காளிக்கும் இந்திரனுக்கும் ஹிட் பாயின்ட் (உயிர் எண்) போட்டு, அடித்து வீழ்த்தக்கூடிய எதிரிகளின் வரிசையில் அச்சிட்டார்கள். மாரியம்மனுக்குத் தீ மிதிக்கும் வீட்டுப் பிள்ளைகள் உட்காரும் மேசையில் அப்படி ஒரு பக்கத்தை விரிக்க நான் சம்மதிக்க மாட்டேன். தெய்வத்துக்கு ஸ்டாட் பிளாக் எழுதும் நூல் எவ்வளவு அழகாக இருந்தாலும் எங்களுக்கு வேண்டாம்.

மந்திரப் பொருள் தொகுப்புகள், மந்திர அட்டைகள் பற்றிச் சொல்ல அதிகமில்லை. வரும். பிடிஎஃப் மலிவாகக் கிடைத்தால் வாங்கலாம்.

அச்சா, பிடிஎஃப்பா, பியாண்டா?

ஐம்பது டாலர் நூல் என்றால் 2024-இன் நாணய மதிப்பில் சுமார் 900 ராண்ட். அதன் மேல் கூரியர் செலவு, 15 விழுக்காடு வாட். இரண்டு அச்சு நூலோடு எங்கள் பெட்டி காலியாகிவிடும். கிக்ஸ்டார்ட்டரில் முன்பணம் கட்டினால் அனுப்பும் செலவைப் பிறகுதான் சொல்வார்கள்; ராண்ட் சரிந்தால் சுமை நம் தலையில்.

விசார்ட்ஸின் இணையத் தளமான டி அண்ட் டி பியாண்டில் 2024 முதல் வெளியார் நூல்கள் வரிசையாகச் சேர்கின்றன. ஹம்பிள்வுட், கிரிம் ஹாலோ போன்றவை அங்கே கிடைக்கின்றன. கதாபாத்திரத் தாளில் தானாகவே ஏறிக்கொள்ளும் என்பது உண்மையான வசதி. சப்கிளாஸ் வாங்குபவர்களுக்கு அதுவே நல்ல இடம். ஆனால் அங்கே பிடிஎஃப் தருவதில்லை. கணக்கு வேண்டும், செயலியில் முன்பே இறக்கிவைக்காவிட்டால் இணையமும் வேண்டும். 2023-இல் ஸ்டேஜ் 6 லோட் ஷெடிங் மின்வெட்டில் பேட்டரி விளக்கு வைத்து விளையாடியவர்கள் நாங்கள். டிஎம் கையில் இருக்க வேண்டிய சாகசத்தை இணையத்தை நம்பி வைக்க எனக்கு மனம் வரவில்லை. டிரைவ்த்ரூ என்ற இணையக் கடையில் வாங்கும் பிடிஎஃப் நம் கையிலேயே இருக்கும். பதிப்பாளர் பிழை திருத்தினால் புதிய கோப்பையும் இறக்கிக்கொள்ளலாம். முதல் அலை நூல்களில் பிழைதிருத்தம் எப்போதும் வரும் என்பதால், ஆரம்பத்தில் அச்சுப்பிரதி வாங்குவதில் எனக்கு உடன்பாடே இல்லை.

எங்கள் பணத்தைப் பிரிக்கும் விதம்

குழுவுக்கு நான் முன்வைத்திருப்பது இது. பாதிப் பணம் சிறு சாகசங்களின் பிடிஎஃப்புக்கு, உடனே. கால் பங்கு ஒரு நல்ல உலக நூலுக்கு. விதி குறைவாகவும் ஊரும் மனிதரும் அதிகமாகவும் உள்ளதாகப் பார்த்து. மான்ஸ்டர் நூலுக்கு இப்போது ஒரு ராண்டும் இல்லை. 2026-இன் பிற்பகுதியில் மதிப்புரைகளைப் பார்த்துவிட்டு, அப்போது சேர்ந்திருக்கும் பணத்தில் ஒன்றே ஒன்று, அச்சில். அதுவரை மான்ஸ்டர் மேனுவலில் ஐந்நூறுக்கு மேல் இருக்கிறது, போதும்.

இதற்கு இரண்டு பேர் ஒத்துக்கொள்ளவில்லை. கூட்டு நிதியில் சேர்ந்தால் மட்டுமே கிடைக்கும் கூடுதல் மினியேச்சர்கள் கைவிட்டுப் போகும் என்பது அவர்கள் வாதம். மினியேச்சருக்காக நூல் வாங்குவதென்றால் அது வேறு கணக்கு. அதைச் சொந்தப் பணத்தில் செய்யலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

மீதிக் கால் பங்கு நாமே எழுதும் சாகசத்துக்கு. கிரியேட்டிவ் காமன்ஸில் எஸ்ஆர்டி 5.2 இருப்பதால் உரிய குறிப்பு ஒன்றைப் போட்டுவிட்டு யாரும் வெளியிடலாம், யாரிடமும் கேட்க வேண்டாம், பங்கும் தர வேண்டாம். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து டர்பன் துறைக்கு வந்த ‘ட்ரூரோ’ கப்பலில் 342 பேர் இறங்கினார்கள். அவர்கள் போன கரும்புத் தோட்டங்களின் இரவுகளை எந்த அமெரிக்கப் பதிப்பாளரும் எழுதப்போவதில்லை என்று தைரியமாகக் கணிக்கலாம். கரும்புக்கு நடுவே காவல் நிற்கும் முனி, கொல்ல வேண்டிய எதிரியாக இல்லாமல், வீரர்கள் பேசிச் சமாதானம் செய்ய வேண்டிய ஆளாக வரும் சிறு சாகசம் ஒன்றைக் கிளெரிக் அக்கா எழுதத் தொடங்கியிருக்கிறார். அந்தக் கால் பங்கில் ஓவியருக்கும் வரைபடக்காரருக்கும் கூலி கொடுக்க வேண்டும்.